அரிசி டிரம்முக்கு அடியில் ஒரு நகல்

கோபம் வந்தால் எனக்குச் சட்டென்று கை நீண்டுவிடும். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியின் பல்லை உடைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, கணவனிடம் அடிவாங்கும் பெண்கள். நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் இட்லிக் கடை வைத்திருந்த அக்கா ஒருவர் பேச ஒப்புக்கொண்டார். கணவன் டவுனுக்குப் போயிருந்த ஒரு காலையில், பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கரண்டி, பெல்ட், சைக்கிள் செயின். எது எங்கே பட்டது என்று புடவையை விலக்கிக் காட்டினார். நான் கேள்வித்தாளின் கட்டங்களில் டிக் போட்டுக்கொண்டே போனேன்.

எழுந்தபோது, அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகல் ஒன்றை நீட்டினேன். பேட்டி கொடுத்தவரிடம் ஒரு நகல் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக நெறிக்குழுவின் விதி.

"வேணாம்மா. அந்தாளு கண்ணுல பட்டா வம்பு."

"இது உங்க உரிமைக்கா. கண்டிப்பா வச்சிக்கணும்," என்றேன். வகுப்பில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அரிசி டிரம்முக்கு அடியில் செருகினார்.

மூன்று நாள் கழித்து, விட்டுப்போன இரண்டு கேள்விகளுக்காக ஸ்கூட்டியில் போனேன். கடை பூட்டியிருந்தது. பின்னால் இருந்த வீட்டில் கணவன் அக்காவின் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். படிவத்தைக் கசக்கி அவர் வாயில் திணித்திருந்தான். 'குடும்ப வன்முறை' என்ற தலைப்பு உதட்டோரம் ரத்தத்தில் ஊறித் தெரிந்தது.

"ஊருக்கே சொல்லுவியா? துன்னுடி. மொத்தமா துன்னு."

என் கையில் ஹெல்மெட் இருந்தது. ஓங்கி அடித்தேன். அவன் புருவம் பிளந்தது. மறுபடியும் அடித்தேன். மூன்றாவது அடிக்கு அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான்காவதை ஓங்கும்போது அக்காதான் என் கையைப் பிடித்தார். எனக்கு நிறுத்த மனமில்லை. உண்மையைச் சொன்னால், அடிக்க அடிக்க நன்றாக இருந்தது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் விஷயம் தெரிந்தது. டிரம்மை நகர்த்தியபோது காகிதம் அவன் கையில் சிக்கியிருக்கிறது.

"எத்தினி வாட்டி அடிச்சான்னு எழுதினியே, இன்னிக்கு அடிச்சதையும் சேத்துக்கோ," என்றார் அக்கா. வாய் வீங்கியிருந்ததால் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "எதுக்கு அடிச்சான்னு மட்டும் கரெக்டா எழுது."

அடித்த காரணத்துக்கு எங்கள் கேள்வித்தாளில் ஐந்து கட்டங்கள்: குடி, சமையல், பணம், சந்தேகம், மற்றவை. 'மற்றவை'க்கு நேரே, 'ஆய்வாளர் வற்புறுத்திக் கொடுத்த படிவம்' என்று எழுதினேன். எழுதும்போது வெட்கத்தில் காது சுட்டது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வெளிய போனா நெறிக்குழு ஆய்வையே நிறுத்திடும். நிதி குடுக்கிறவங்களும் கைய விரிச்சிடுவாங்க. சந்தேகம்னு போடும்மா. அதுவும் பொய் இல்லையே."

ஹெல்மெட் அன்றும் என் மடியில்தான் இருந்தது. எழுதியதை நானே அடித்தேன். 'சந்தேகம்' கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, நன்றி சார் என்று சொல்லி வெளியே வந்தேன்.