புளோரா அக்காவின் நீலத் திரைச்சீலை

புளோரா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் இங்கே சுவிஸில் ஒரு பேருந்துத் தரிப்பில் நின்றேன். கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய அக்காவின் மகள் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். "அன்ட்டி, சின்னம்மா காலையில போயிட்டாங்க. நீங்க எல்லாருக்கும் சொல்லிருங்க." எல்லாரும் என்றால் யார் யார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வெள்ளவத்தையில் அவருடைய இன்டர்நெற் கடையில், அந்த நீள மர வாங்கில் முறைக்காகக் குந்தியிருந்த நீங்கள்தான். இப்போது எந்தெந்த ஊரிலோ இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சமாதானம் முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம் அது. கணவர் சுவிஸில் ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை. மூன்று கிழமையில் விசா கிடைத்துவிடும் என்று நம்பி, ஒரேயொரு பெட்டியோடு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தேன். இரண்டு வருடமும் மூன்று மாதமும் இருந்தேன். லொட்ஜில் ஒரு அறைக்குள் நாலு பெண்கள். ஐந்து மணிக்குப் பிறகு வெளியே போக வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். வடக்கிலிருந்து வந்தவர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் குளியலறைக்குப் போகவும் பயம். ஒழுங்கையின் முடிவில் கடல் கிடந்தது. அத்தனை காலத்தில் அதை இரண்டு தரம்தான் பார்த்தேன். லொட்ஜ், கோயில், புளோரா அக்காவின் கடை. நான் கண்ட கொழும்பு அவ்வளவுதான்.

கடைக்குள் பலகையால் தடுத்த ஐந்து பெட்டிகள் இருந்தன. கடைசிப் பெட்டியின் கொம்பியூட்டரில்தான் முகம் பார்த்துக் கதைக்கும் கமரா. அந்தப் பெட்டியின் கதிரைக்குப் பின்னால் ஒரு நீலத் திரைச்சீலை, அதன் மேல் படகு வடிவத்தில் ஒரு மணிக்கூடு, பக்கத்து முக்காலியில் பிளாஸ்டிக் ரோசாப்பூ. நிலத்தில் வெள்ளைப் பிளாஸ்டரால் நாலு அடையாளம் ஒட்டியிருந்தார். கதிரைக் கால்கள் அதற்குள் நிற்க வேண்டும். ஒரு சாண் விலகினாலும் ஊறிப்போன சுவரும் தண்ணீர்க் குழாயும் படத்தில் விழுந்துவிடும்.

முதல் நாள் கணவரின் முகத்தைக் கண்டதும் நான் அழத் தொடங்கிவிட்டேன். புளோரா அக்கா உள்ளே வந்து, சத்தமில்லாமல் கமராவின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டார். "அழுவுறதா இருந்தா வாங்குல போய் அழு தங்கச்சி. கமராவுக்கு முன்னால அழாத. அந்த மனுசன் அங்க சாப்பிடாது." முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி இருந்தேன். "வடிவான அறையாக் கிடக்கு, தனியறையோ?" என்று கணவர் கேட்டார். "ஓம், தனியறை," என்றேன். அந்தப் பொய் அப்படித்தான் தொடங்கியது. அங்கே இருந்த அத்தனை பேரும் அந்த நாலடியை எங்கள் வீடென்றுதான் காட்டிக்கொண்டிருந்தோம்.

உண்மையில் எங்கள் வீடு வாங்குதான். லொட்ஜில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுப்போம். வாங்குக்கு வந்தால் வாய் திறக்கும். யாருடைய கணவருக்கு எப்போது லீவு, யாருடைய விசாக் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் ஒருத்தி பெட்டிக்குள் போய்விட்டால், பலகைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் செவிடாகிவிட வேண்டும். அது புளோரா அக்கா போட்ட சட்டம்.

ஒரு நாள் பகலில் கடைக்குப் பொலிஸ் சோதனை வந்தது. என் பதிவுத் துண்டில் திகதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புளோரா அக்கா எழுந்து வந்து, "அபே நங்கி, மாத்தயா," எங்கள் தங்கச்சி ஐயா என்று சிங்களத்தில் தொடங்கினார். பிறகு என்னென்ன சொன்னாரோ, எனக்கு விளங்கவில்லை. நாளைக்கே பதிந்துவிடு என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். அக்கா போய்க் கதிரையில் இருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் முழுவதையும் குடித்தார். அவருக்கும் பயம் இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரும் நாள்தோறும் கொட்டாஞ்சேனையிலிருந்து சோதனைச் சாவடிக்குச் சாவடி பஸ்ஸில் இறங்கி ஏறி, அடையாள அட்டையை நீட்டி நீட்டித்தான் கடைக்கு வந்து சேர்ந்தார்.

பொய் பிடிபட்ட கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருப்பவள் வசந்தி. அவளுடைய கணவரும் சுவிஸ்தான். எங்களுக்குத் தெரியாமல் அந்த மனுசன் வேலை மாறி, என் கணவரின் உணவகத்துக்கே வந்துவிட்டார். ஒரு ஞாயிறு நான் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கத்திவிட்டார். "இது எங்கட வீட்டு மணிக்கூடெல்லோ! உம்மட மனிசி என்னெண்டு என்ர மனிசியின்ர அறைக்குள்ள?"

வாங்கில் இருந்த வசந்திக்குக் கேட்டுவிட்டது. செவிட்டுச் சட்டத்தை மறந்து அவள் "ஐயோ கடவுளே" என்றாள். என் கணவர் சிரிக்கவில்லை. "கமராவைக் கொஞ்சம் திருப்பும்," என்றார். நான் புளோரா அக்காவைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். திருப்பினேன். ஊறிய சுவர், குழாய், பலகை, வாங்கில் ஏழு பெண்கள். பிறகு அவரும் தன் கமராவைத் திருப்பினார். அவருக்குப் பின்னால் நான் பார்த்துப் பழகிய வெள்ளைச் சுவர் சுவரே இல்லை, அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே வெள்ளைத் துணி விரித்தது. மற்றப் பக்கம் வெங்காய மூட்டைகளும் ஒரு மடக்குக் கட்டிலும். அவர் உணவகத்தின் அந்தச் சாமான் அறையில்தான் படுத்தெழும்பினார்.

அன்றுதான் நாங்கள் முதல்முறையாக உண்மையில் புருஷன் பெண்சாதியாகக் கதைத்தோம். வெளியே வந்ததும் புளோரா அக்கா சொன்னார்: "நல்லதுதான். ஆனா திரைச்சீலையக் கழட்ட மாட்டன். எல்லாருக்கும் உண்மையத் தாங்கேலாது."

விசா வந்த நாள் அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும்தான். இருவரும் வாங்கில் இருந்தே அழுதோம். "நீங்களும் ஒருக்கா வாங்கோவன் அக்கா," என்றேன். "நான் போனா உங்களை எல்லாம் ஆரு அனுப்புறது?" என்றார்.

அதன்பிறகு நத்தார்ப் பெருநாளுக்கும் அவர் பிறந்தநாளுக்கும் கோல் எடுப்பேன். பின்னால் கைத்தொலைபேசியிலேயே முகம் பார்க்கும் காலமும் வந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் அவருக்குப் பின்னால் அதே நீலத் திரைச்சீலை, அதே படகு மணிக்கூடு. "கடை எப்பிடி அக்கா?" "நல்லாப் போவுது தங்கச்சி. நீ எப்பிடி?" மனம் நிறைந்து வைத்துவிடுவேன். உலகத்தில் ஒரு இடமாவது மாறாமல் இருக்கிறதே என்று சந்தோசம்.

செய்தி வந்த அன்று பேருந்துகளைப் போகவிட்டு அந்தப் பிள்ளைக்குக் கோல் எடுத்தேன். கடையை இனி யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

"கடையா? அது மூடி ஆறு வருஷம் அன்ட்டி. சீனி வருத்தத்துல கால் ஒண்ண எடுத்தாங்கல்ல? அதோட எங்க முன்னறைக் கட்டில்தான். வெளியவே போகல்ல. நீங்க கோல் எடுக்கிற நாளுக்கு மட்டும் அந்தச் சீலைய கட்டிவிடச் சொல்லுவாங்க. மணிக்கூடையும் மாட்டணும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆறு வருடம் அந்த அறைக்குள் அடைந்து கிடந்தவரிடம் கடை எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதே சீலைக்கு முன்னால் இருந்து இரண்டு வருடம் பொய் சொன்னவள் நான். கமராவைத் திருப்புங்கோ அக்கா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பாரோ என்னவோ. அதை நினைக்க நெஞ்சு எரிகிறது.

சீலையை அனுப்பவா என்று பிள்ளை கேட்டாள். வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைத்தான். நேற்று வசந்தி வீடியோவில் அழைத்தாள். இப்போது அவள் தனியாக வேறொரு ஊரில் இருக்கிறாள். பொட்டு வைத்து, பூச்சாடிக்குப் பக்கத்தில் இருந்து, புளோரா அக்காவை நினைத்துக் கொஞ்சம் அழுதாள். "நீ எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன, நல்லா இருக்கிறன்," என்றாள்.

"வசந்தி, போனைக் கொஞ்சம் திருப்பு."

அவள் பூச்சாடியை ஒருக்காச் சரிசெய்தாள். பிறகு மெதுவாகத் திருப்பினாள்.