இது நிலமாக்கும்

எங்கள் ஊரில் நிலம் என்றால் நெல் நிற்கிற வயல் மட்டும்தான். வீடும் தென்னையும் ரப்பரும் நிற்கிற மற்றதெல்லாம் புரையிடம். பத்திர எழுத்திலிருந்து அடுக்களைப் பேச்சு வரை அப்படித்தான். அதனால் இடம் வாங்கி விற்கிற ஒரு புரோக்கர் என் வயல்கரையில் நின்று, "எக்கா, இதுல இனி ஆரு நெல்லு நடப் போறா? இது புரையிடம் ஆயாச்சு" என்றபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஆயாச்சா? ஆக்கினது ஆரு?" என்றேன்.

ஆக்கினது அவன்தான். என் வயலுக்கு இருபுறமும் செம்மண் அடித்து நிரப்பிவிட்டான். என் வயலுக்குப் பின்னாலும் ஒரு வயலை வாங்கிப் போட்டிருந்தான். அங்கே லாரி போக என் துண்டு வழியாகத்தான் வழி. புல் மண்டிக் கிடக்கிறதே, விற்றுத் தொலை என்று வீட்டிலேயே சொன்னார்கள். மழைத் தண்ணீர் நிற்க ஊரில் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான். நான் மாட்டேன் என்றேன்.

ஊரில் இரண்டு கிளப்கள் உண்டு. ஒன்று கோயிலுக்குக் கீழே, மற்றது சர்ச்சுக்கு எதிரே. ஓணத்துக்கு வடம் இழுக்கும் போட்டியில் தொடங்கிய பகை. ஒருவர் வெட்டிச் சுத்தம் செய்த ஓடையில் மற்றவர் கால் வைக்க மாட்டார். ஆனால் போன மழைக்கு இரண்டு கிளப்பிலும் ஒரே தண்ணீர்தான் புகுந்தது. கேரம் போர்டு மிதந்தது. தண்ணீர் வடிந்ததும் நான் போய் இரண்டு இடத்திலும் ஒரே பேச்சைப் பேசினேன். என் வயலும் மண் நிரம்பிப் போனால் அடுத்த மழைக்கும் தண்ணீர் இங்கேதான் வரும். நடுவதற்கு ஆள் வேண்டும், கூலி கிடையாது, கப்பக்கிழங்கும் மீன்கறியும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் பக்கத்தார் வந்தார்கள். கோயில் பக்கத்தார் முன்பே வந்து மேற்கு மூலையைப் பிடித்திருந்தார்கள். தெருவின் பெண்கள் குழுவும் இறங்கியது. புல் போயிற்று, உழவும் முடிந்தது. தண்ணீர்தான் நிற்கவில்லை. வரம்பு கரைந்து கிடந்தது. சேற்றை வாரி வைத்தால் சரிந்தது.

அந்த வாரமே, எல்லோரும் வேலைக்குப் போன நேரம் பார்த்து டிப்பர் வந்திருக்கிறது. நெய்யாற்றின்கரைக்குப் போய்விட்டு பஸ் இறங்கி வருகிறேன், என் வயலுக்குள் செம்மண் குவிந்து கிடக்கிறது. லாரிக்கு வழி போடத் தொடங்கிவிட்டான். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை, சொல்ல வெட்கமில்லை.

சாயங்காலம் இரண்டு கிளப்பும் கூடிவிட்டன. போலீசுக்குப் போவோம் என்றார் ஒருவர், வில்லேஜ் ஆபீசுக்கு என்றார் இன்னொருவர். சர்ச் பக்கத்துச் செயலாளர், ஆட்டோ ஓட்டுகிறவர், ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"நல்ல பசையுள்ள மண்ணாக்கும். எதுக்கு மக்கா வீணாக்கணும்?"

முதலில் சிரித்தது கோயில் பக்கத்தார்தான். பிறகு மண்வெட்டிகள் வந்தன. வடம் இழுக்க நிற்பதுபோல் வரிசையாக நின்றார்கள், இந்த முறை எல்லோரும் ஒரே பக்கம். சட்டி கைமாறிக் கைமாறிப் போக வரம்பு இடுப்புக்குப் பாதி உயர்ந்தது. புகாரும் கொடுத்தோம்; அது அதன் வேகத்தில் போகட்டும். அடுத்த ஞாயிறு நட்டோம்.

நாற்று வேர் பிடித்துப் பச்சை கட்டிய பிறகு புரோக்கர் வந்தான். கரையில் நின்று அங்குமிங்கும் பார்த்தான்.

"எக்கா, இங்க கிடந்த எனக்க மண்ணு எங்க?"

"வரம்புல உண்டு. வேணும்னா எடுத்துட்டுப் போ. நெல்லை மிதிக்காம எடுக்கணும். இது நிலமாக்கும்."