கம்பி எந்தப் பக்கம்

கமலநாதனின் தலைமுடி காதை மறைத்துச் சட்டைக் காலரைத் தொட்டுவிட்டது. சர்க்கரை நோயால் வலது கால் முழங்காலுக்குக் கீழே போன பிறகு அவர் சலூனுக்குப் போகவில்லை. சலூன் ஒன்றும் தூரமில்லை. கிள்ளானில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் தரைத்தள வீட்டு வாசலில் இருந்தே, கார்கள் நிற்கும் இடத்துக்கு அந்தப் பக்கம் அதன் பலகை தெரியும். வாசலில் இருந்த இரண்டு படிகள்தான் தடை. மனைவி குமுதாவும் மகள் மலர்விழியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சக்கர நாற்காலியோடு அவரை இறக்க வேண்டும். மருத்துவமனைக்கு என்றால் வாயை மூடிக்கொண்டு சம்மதிப்பார்.

“முடி வெட்டிக்க என்னை ரெண்டு பேரு தூக்கணுமா? ஜொகூர் வரைக்கும் தனியா லோரி ஓட்டினவன் நான். வளரட்டும் விடு,” என்பார்.

மலர்விழி ஐந்தாம் படிவத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கியல் எடுத்தால் குளிர்சாதன அறையில் வேலை கிடைக்குமே என்று குமுதாவுக்கு ஆரம்பத்தில் வருத்தம். மகள் தினமும் விரல் நகங்களில் கறுப்போடு வீட்டுக்கு வந்தாள். நான்காம் படிவத்தின் முதல் சில மாதங்கள் ஓர் இரும்புக் கட்டியை அரத்தால் ராவுவதிலேயே போயின. ராவி முடித்து, மூலைமட்டம் வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். இடுக்கில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். பிறகு ஐஸ்கிரீம் குச்சியில் பாலம் கட்டி, நடுவே வாளியைத் தொங்கவிட்டு, உடையும்வரை மணல் கொட்டினார்கள். எந்தக் குச்சி இழுபட்டு அறுந்தது, எது நசுங்கியது என்று பார்த்து எழுதுவதுதான் பாடம். ஜீவன் என்ற பையனின் பாலம் உடையவே இல்லை. எழுத ஒன்றும் இல்லாமல் அவன்தான் மதியம் வரை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடைசி ஆண்டான ஐந்தாம் படிவத்தில், வீட்டில் உள்ள ஒரு சிரமத்துக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும். மலர்விழி யோசிக்கவே இல்லை. படிகளின் மேல் வைக்க ஓர் இரும்புச் சரிவு.

உயரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளம் இருந்தால்தான் உட்கார்ந்திருப்பவர் தானாகவே ஏறமுடியும் என்று வகுப்பில் படித்திருந்தாள். வாசலை ஒட்டி நாற்காலி திரும்ப ஒரு மேடை. அங்கிருந்து இடப்பக்கம் சுவரோரமாகச் சரிவு. வலப்பக்கம் திறந்த லோங்காங், சாக்கடைத் தண்ணீர் ஓடும். சுவர் இல்லாத வெளிப்பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. பள்ளிக் கணினியில் வரைந்து எடுத்துக்கொண்டு, காப்பார் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் திருச்செல்வத்திடம் போனாள். அவர் அப்பாவின் பழைய நண்பர்.

“பழைய தகடு கெடக்கு. அடிச்சுத் தரேன் போ,” என்றார் அவர்.

சனிக்கிழமை காலை லோரியில் சரிவு வந்து இறங்கியது. கமலநாதன் குளித்து, வெளியே போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவருகே வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். நாலு பேராகத் தூக்கி வைத்தார்கள். கம்பி வாசலுக்குக் குறுக்கே நின்றது.

“திருப்பிப் போட்டுப் பாப்போம்,” என்றார் திருச்செல்வம். திருப்பினார்கள். கம்பி வெளிப்பக்கம் போனது. சரிவு நேராக லோங்காங்கைப் பார்த்தது.

“நல்லா இருக்கு லா,” என்றார் கமலநாதன். “குளிக்கிற வேலையும் அங்கேயே முடிஞ்சிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

திருச்செல்வம் சட்டைப்பையில் இருந்து படத்தை எடுத்து விரித்தார். “நான்தான் அவசரத்துல மாத்திப் பாத்துட்டேன் போல,” என்று முனகினார். மலர்விழி அதை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து பார்க்கும் தோற்றம், முன்தோற்றத்துக்கு மேலே இருந்தது. வகுப்பில் அதைக் கீழேதான் வரைவார்கள். கணினி தன் வழக்கப்படி மேலே போட்டதை அவள் மாற்றவில்லை. துறைமுகத்தில் கப்பல் பட்டறையில் பழகிய திருச்செல்வமும் அதைக் கீழே பார்த்தே பழகியவர். மேலே இருந்தால் அவருக்கு அது அடியில் இருந்து பார்த்த தோற்றம். அதனால் முன்பக்கம் பின்பக்கமாகிவிட்டது. எந்த முறை என்று காட்டத் தாளின் மூலையில் ஒரு சின்னக் கூம்புக் குறி போட்டிருந்தால் போதும். அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

பட்டறைக்காரரே பழியை எடுத்துக்கொண்டார். அவள் சும்மா இருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“இல்ல அங்கிள். நீங்க சரியாதான் பாத்தீங்க. நான்தான் குறி போடல,” என்றாள்.

திருச்செல்வம் அவளையும் மூலையையும் மாறிமாறிப் பார்த்தார். “சரி. கம்பிதானே பக்கம் மாறியிருக்கு. அறுத்து இந்தப் பக்கம் வச்சா முடிஞ்சது. செவ்வாக்கிழமை கொண்டாரேன்.”

கமலநாதன் உள்ளே போனார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. படம் போட்டதற்குப் பதில் கணக்கியலே எடுத்திருக்கலாம் என்று மலர்விழிக்குத் தோன்றியது.

“செவ்வாக்கிழமை சலூன் லீவு,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “புதன்கிழமை காலையில கொண்டாரச் சொல்லு.”

திங்கள்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொன்னாள். “அப்பாவுக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டுட்டு வரைஞ்சிருக்கலாம்ல?” என்றான் ஜீவன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தவறான படத்தையும் திருத்திய படத்தையும் பாட ஏட்டில் அருகருகே ஒட்டி வைத்தாள். உடைந்த பாலத்தைப் பற்றி எழுதியதைப் போலவே இதையும் எழுதினாள்.

புதன்கிழமை பள்ளி விடுமுறை. கம்பி வெளிப்பக்கம் இருந்தது, சரிவு இடப்பக்கம் இறங்கியது. அவள் ஏறி நின்று குதித்துப் பார்த்தாள். அப்பா நாற்காலியை மேடைக்குக் கொண்டுவந்து திருப்பினார். அவள் கை தானாகவே நாற்காலியின் பின்னால் போனது.

“கைய எடு லா,” என்றார்.

எடுத்தாள். அவர் கம்பியைத் தொட்டுத் தொட்டு இறங்கி, கார்களுக்கு நடுவே போய், ஒரு வேனுக்குப் பின்னால் மறைந்தார். மலர்விழி வாசலிலேயே நின்றாள். நேரமாகியும் வரவில்லை. போய்ப் பார்க்கலாமா என்று ஒரு கால் சரிவில் வைத்து, எடுத்துக்கொண்டாள்.

அவர் வந்தபோது தலை சின்னதாகிவிட்டிருந்தது. கழுத்தில் பவுடர். ஏறும்போது பாதியில் மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அங்கேயே நில்லு,” என்றார் அவளைப் பார்த்து. “வரேன்.”