கன்டெய்னருக்கு ஒரு சொத்து எண்

காலை பத்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது டிஸ்சார்ஜ் கவுண்டரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாள். ‘இன்சூரன்ஸ் சர்வர் வேலை செய்யவில்லை. காத்திருக்கவும்.’ மூலைகளில் முன்பு ஒட்டிப் பிரித்த தடங்கள் இருந்தன. எழுதிப் பத்திரப்படுத்தி, தேவைப்படும்போது எடுத்து ஒட்டுகிறார்கள்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. பித்தப்பை அறுவை முடிந்த என் மனைவி இரண்டாம் மாடியில் துணிப்பையைக் கட்டிவைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் எட்டரைக்கே சொல்லிவிட்டார். காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் வர வேண்டியதுதான் பாக்கி.

அந்த நிறுவனத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன். பத்திரிகையை விட்ட பிறகு, சோழிங்கநல்லூர் அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்குக் கையேடுகளும் கூட்டக் குறிப்புகளும் எழுதுகிறேன்.

கீழே, அவசரப் பிரிவின் நடைவழியில், ஆக்சிஜன் மூக்குக்குழாயோடு ஒரு பெரியவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். எங்கள் கட்டில் அவருக்கு. வேறு காலி இல்லை. அனகாபுத்தூரில் ஆட்டோ ஓட்டும் அவருடைய மகன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா சார், வூட்டம்மா இன்னும் கெளம்பலியா? எங்கப்பா ரெண்டு மணி நேரமா இங்கியே படுத்துகினு கீறாரு.”

“லெட்டர் வரணும்.”

“எங்கேர்ந்து? டெல்லியா?”

“சோழிங்கநல்லூர்.”

“அட, நம்ம சோழிங்கநல்லூரா! ஒரு மிதி மிதிச்சா மேடவாக்கம், அப்பால அதான். நான் போயி கையோட வாங்கியாந்துடறேன் சார்.”

அது என் அலுவலகம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாடியில் என் மனைவி, “நான் சேர்ல உக்காந்துக்கறேன், அவரைக் கொண்டுவந்து படுக்க வைங்க சிஸ்டர்” என்றாள்.

“ஃபைல் க்ளோஸ் ஆகாம பெட் உங்க பேர்லதான் இருக்கும் மேடம். வேற பேஷண்டைப் போட முடியாது.”

என் அலுவலகத்தில் ஓர் இளம் பொறியாளர் இருக்கிறார். ஒப்புதல் கடிதம் அனுப்பும் மென்பொருளையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவைத்தவர் அவர். அந்தப் பொட்டலத்துக்குப் பெயர் கன்டெய்னர். ஓடுவது நின்றுபோனால் பழுது பார்க்க வேண்டாம். அதைத் தூக்கி எறிந்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றை எழுப்பலாம். கணினியே தானாக அதைச் செய்துகொள்ளும்.

புதிய மென்பொருளுக்கு அனுமதி தரும் குழு புதன்கிழமைகளில் கூடும். அந்தப் பொட்டலம் அங்கே ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது. படிவத்தின் நான்காவது கட்டம், சொத்து எண். நாற்காலி, மின்விசிறி, புரொஜெக்டர் என்று எல்லாவற்றின் முதுகிலும் ஒட்டும் ஸ்டிக்கரின் எண் அது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது.

“ஸ்டிக்கரை எங்கம்மா ஒட்டுவீங்க?” என்று குழுத் தலைவர் கேட்டார்.

“அது பொருள் இல்ல சார். காலைல ஒண்ணு இருக்கும், மத்தியானம் அது போய் இன்னொண்ணு வந்திருக்கும்.”

“தினம் செத்துப் பொறக்குதா? அப்ப டெத் சர்டிபிகேட் யார் வாங்கறது?”

எல்லோரும் சிரித்தார்கள். ‘சிரிப்பு’ என்று குறிப்பில் எழுதும் வழக்கம் அங்கே இல்லை. நானும் எழுதவில்லை.

கடைசியில் அனுமதித்தார்கள். ஒரே ஒரு கன்டெய்னர், அதற்கு ஒரு நிரந்தரச் சொத்து எண். அதை நீக்குவதென்றால், உடைந்த நாற்காலியைக் கழிக்கிற அதே படிவத்தில் மூன்று கையெழுத்து. பழையதைக் கழிக்காமல் அதே எண்ணில் புதியதை எழுப்பக் கூடாது. தூக்கி எறிவதற்கென்றே செய்த ஒன்றை, தூக்கி எறியவே முடியாதபடி செய்தார்கள். பிறகு, ‘நாம் கன்டெய்னர் யுகத்தில் நுழைந்துவிட்டோம்’ என்று நிறுவன இதழில் முதல் பக்கச் செய்தி போட்டார்கள். எழுதியவன் நான்.

பதினொன்றரைக்கு அந்தப் பொறியாளரைப் போனில் அழைத்தேன்.

“கன்டெய்னர் காலைலயே நின்னுபோச்சு. புதுசு ரெடி சார். என்டர் தட்டினா போதும். ரெண்டு சைன் வாங்கிட்டேன். மூணாவது ஸ்டோர்ஸ் மேனேஜர். அக்கா பேத்திக்குக் காதுகுத்துன்னு மண்டபத்துல இருக்கார், போனை எடுக்கலை.”

“ஸ்டோர்ஸுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“சொத்தைக் கழிச்சா அவங்கதானே சார் எடுத்து வைக்கணும்.” அவர் சிரிக்கவில்லை.

“தட்டிடும்மா. இங்க ஒருத்தர் மூச்சு விட முடியாம கீழ கிடக்கிறார்.”

“போன தடவை தட்டினேன். மெமோ குடுத்தாங்க. அதுக்கு இங்கிலீஷ் திருத்தினது நீங்கதானே சார்?”

ஆமாம். இரண்டு காற்புள்ளிகளைச் சரிசெய்து, ‘அலட்சியம்’ என்ற பொருள்படும் சொல்லை அப்படியே விட்டிருந்தேன்.

குழுத் தலைவரை அழைத்தேன். “ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கு சார். உங்க வீட்டம்மாவுக்காக மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க.” எல்லோரும் கேட்க வேண்டியதுதானே என்றேன். வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார்.

அந்தக் குழுவில் கணினி தெரியாதவர் ஒருவரும் இல்லை. முட்டாள்கள் என்று சொல்லி அவர்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. கழிக்கும் படிவத்தைப் பரிந்துரைத்தவர், கன்டெய்னர் பற்றிக் கல்லூரிகளில் போய்ப் பேசுகிறவர்.

மூன்றாவது கையெழுத்து மூன்றரைக்குக் கிடைத்தது. கடிதம் மூன்று முப்பத்திரண்டுக்கு வந்தது. நாலேகாலுக்குக் கட்டிலைக் காலி செய்தோம். பெரியவரை அவருடைய மகன் ஒன்றரை மணிக்கே வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்.