ஜெறோம் எனக்கு அடித்த கோல்கள்

செய்தி வந்தபோது நான் மைதானத்தில் கோல் கம்பத்துக்கு வலை கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தேவாலயப் பங்கு அணியின் செயலாளர் தேவா தொலைபேசியில் சொன்னார்: "ஜெறோம் முடிஞ்சுது. கொழும்பில, நெஞ்சு நோவாம். நாளைக்குக் கொண்டு வருகினம். முப்பத்தோராம் நாள் மலருக்கு அஞ்சலி நீதான் எழுதவேணும்." நான் நல்லதாக எழுதமாட்டேன் என்றேன். "அது ஊருக்கே தெரியும். நீ எழுது," என்று வைத்துவிட்டார்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்கு அது வரவில்லை. எங்கள் மன்னார்த் தீவிலிருந்து கொழும்புக் கழகம் ஒன்றுக்குச் சம்பளத்துக்கு விளையாடப் போன முன்கள வீரன் அவன். சந்தியில் ஒட்டியிருக்கும் நோட்டீசில் 'பண்பின் சிகரம்' என்று போட்டிருக்கிறார்கள். எழுதியவர் அவனோடு ஒரு மட்சும் விளையாடியிருக்கமாட்டார்.

திருவிழாக் கிண்ணத்தின் அரையிறுதி ஒன்றை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஜெறோமும் நானும் விளையாடிய எங்கள் அணியில் அன்ரன் கால் பிரண்டு விழுந்து கத்துகிறான். எதிரணிப் பொடியள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவனைத் தூக்க ஓடி வருகிறார்கள். ஜெறோம் அன்ரனின் காலடியில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு தனியே போய்க் கோல் அடித்தான். கேட்டதற்கு, "விசில் அடிக்கேல்ல. நான் ஏன் நிக்கவேணும்?" என்றான். அந்த வருடம் கிண்ணம் எங்களுக்குத்தான். பங்குத்தந்தை அதை அவன் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவன் கொழும்புக்குப் போன மறுவருடம் அதே கழகம் கோல் கீப்பர் தேடியது. பங்கு அணிக்குக் கீப்பராக நின்ற என்னைப் பார்க்கவேண்டும் என்றார் பயிற்சியாளர். கடலுக்குப் போகாமல் பந்தோடு பிழைக்க ஒரு வழி. வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

எங்கள் மைதானத்துக்கும் கடலுக்கும் நடுவில் மறைப்பு ஒன்றும் இல்லை. கச்சான் காற்றுக் காலத்தில், உயர்ந்து வரும் பந்தைக் காற்று பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். பந்து எங்கே வருகிறது என்று பார்க்காமல், காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்று பார்த்துப் பாய்வோம். எங்கள் ஊர் கீப்பர்கள் எல்லாரும் அப்படித்தான். கொழும்பு மைதானத்தைச் சுற்றி மதிலும் மாடிக் கட்டடங்களும். காற்றே இல்லை. அது எனக்குத் தெரிந்தது, என் உடம்புக்குத் தெரியவில்லை.

"யார் அடிக்கிறது?" என்று பயிற்சியாளர் கேட்டதும் ஜெறோம் தானாக முன்னுக்கு வந்தான். ஊர்க்காரன், கைகொடுக்க வருகிறான் என்று நினைத்தேன். எல்லாப் பந்தையும் உயர்த்தியே அடித்தான். வராத காற்றை நம்பி நான் ஒரு பக்கம் பாய, பந்து மற்றப் பக்கத்தால் உள்ளே போனது. திரும்பத் திரும்ப அதே கதை. பயிற்சியாளர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஜெறோம்தான் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தான்.

"வேணுமெண்டுதானே அடிச்சனீ?"

"ஓம். மெதுவா அடிச்சா உன்னை எடுப்பாங்கள். முதல் மட்சில வேற ஒருத்தன் இப்பிடி அடிப்பான். பிறகு மன்னார்ப் பொடியள் சரிவராது எண்டு என்னையும் சேத்துக் கலைப்பாங்கள்."

ஒரு மாதம் காற்றில்லாத இடத்தில் நின்றிருந்தால் நான் பழகியிருப்பேன். அந்த ஒரு மாதத்தை அவன் எனக்குத் தரவில்லை. தன் இடத்துக்கு ஆபத்து வரும் என்று பயந்தான். அவ்வளவுதான்.

கல்யாணம் கட்டியவன் மனைவியின் பங்குக்கு விளையாடுவது எங்கள் கரையோரத்து வழக்கம். கழகம் அவனை விட்ட பிறகு, ஒரு திருவிழா இறுதியாட்டத்தில் அவன் எங்களுக்கு எதிராக வந்து நின்றான். அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது. மூலையைப் பார்த்து உயர்த்தி அடித்தான். நான் அசையவில்லை. கச்சான் அதைக் கம்பத்துக்கு வெளியே கொண்டுபோனது. இத்தனை வருடத்தில் ஊர்க் காற்றை மறந்துவிட்டிருந்தான். நடுவர் வந்து அதட்டும்வரை நான் சிரித்தேன்.

"சிரி," என்றான் ஜெறோம். "உனக்கு வரவேண்டிய சிரிப்புத்தான்."

அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில், அவன் மனைவி என்னைக் கண்டார். "நீங்கள் வரமாட்டீங்கள் எண்டுதான் நினைச்சனான்," என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்றேன். பெட்டியை இறக்கியதும் எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நான் குனியவில்லை. தேவா முழங்கையால் இடித்து, "இனியாவது விடு," என்றார்.

விடமாட்டேன். என் ஆட்டத்தை அவனைப்போலக் கூர்ந்து பார்த்தவன் இந்தத் தீவில் வேறு ஒருவனும் இல்லை. என்னைக் கவிழ்த்ததும் அந்தப் பார்வைதான். அதற்காக அவனை மன்னிக்கவில்லை, இனி மன்னிக்கப்போவதும் இல்லை. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கோபம் மட்டும்தான். அதையும் அவனோடு புதைத்துவிட்டால் என்னிடம் ஜெறோம் என்று ஒன்றும் இருக்காது.