ஒரே சஹனில் மூன்று கவளம்

மதார் சாகிப்புக்கு நாக்கில் புற்றுநோய் வந்தது செங்கல்பட்டு பஜாரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவிடவில்லை. மகள் ஃபர்சானாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. கேன்சர் வந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? "பல்லு ஆபரேசன்னு சொல்லிக்கலாம்" என்றாள் மனைவி சுராயா. அது பாதிப் பொய்தான். கதிர்வீச்சுக் கரண்ட் வைப்பதற்கு முன்னால் பல்லையெல்லாம் பிடுங்கத்தான் செய்தார்கள்.

நோய் போய் மூன்று வருஷம் ஆகிறது. அது விட்டுப்போன மிச்சம்தான் இப்போது ஆளைத் தின்கிறது. எச்சில் ஊறாது. வாய் ஒன்றரை விரலுக்கு மேல் திறக்காது. கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டும். குழைந்த சோற்றைக்கூட முகவாயைத் தாழ்த்தி, மடக்கு மடக்காகத் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். கொஞ்சம் தப்பினால் மூக்கு வழியே வந்துவிடும். ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் பூரண குணம் என்று எழுதியிருக்கிறது. எழுதிய மகராசன் ஒரு வேளை இவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

புதுப்பட்டினத்துச் சம்பந்தி ரஹ்மத்துல்லா வீட்டில் விருந்தென்றால் சஹன்தான். பெரிய தட்டில் சோற்றைப் போட்டு நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வீட்டுக்காரர் நல்ல கறித்துண்டாகப் பார்த்து விருந்தாளி பக்கம் தள்ளுவார். அதைத் தொடாமல் எழுந்தால் அவமானம். நிக்காஹ் அன்று பெண்ணின் தகப்பன் என்று பரிமாற ஓடி மதார் சாகிப் தப்பித்துவிட்டார். அப்புறம் இரண்டு வருஷம் நோன்பு, வயிற்றுவலி என்று சாக்குச் சொல்லியே ஓட்டினார். கடைசியில் சம்பந்தி மருமகளிடமே கேட்டுவிட்டார்: "ஒங்க அத்தாவுக்கு எங்க வூட்டு சோறுன்னா அவ்ளோ எளப்பமா?"

ஃபர்சானா போனில் அழுதாள். "புள்ளைக்குப் பேரு வைக்கிற அன்னிக்காச்சும் ஒக்காருங்க அத்தா. மூணு கவளம் போதும். நான் இந்த வூட்ல வாழணும்ல?"

ஒரு மாசம் பழகினார். சுராயா கறியைப் பஞ்சாக வேகவைத்துத் தாம்பாளத்தில் வைப்பாள். அவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து விழுங்குவார். ஐம்பத்தெட்டு வயதில் சோறு தின்னக் கற்றுக்கொள்கிறோமே என்று ஒரு நாள் வாய்விட்டு அழுதார்.

குழந்தைக்கு ஜன்னா என்று பெயர் வைத்தார்கள். சஹனில் முதல் கவளம் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. ரஹ்மத்துல்லாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு வருஷத்து மனக்குறை அன்றோடு தீர்ந்தது அவருக்கு. கொழுப்போடு ஒரு துண்டைப் பிய்த்து இவர் பக்கம் தள்ளினார்.

"சாப்டுங்க பாய். இன்னா யோசன?"

யோசிக்காமல் வாயில் வைத்தார். அது தொண்டையில் நின்றது. இருமல் பொங்கி, சோறும் சாறும் மூக்கு வழியே நான்கு பேரின் தட்டில் தெறித்தது. மற்ற இருவரும் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். மருமகன் ஜுனைத் ஓடிவந்து முதுகைத் தடவினான்.

"இன்னா பாய், ஒடம்புக்கு இன்னா?" சம்பந்தி கோபப்பட்டிருந்தால்கூட மதார் சாகிப் சமாளித்திருப்பார். அந்தக் குரலில் நிஜமான பதைப்பு இருந்தது.

"கேன்சரு. நிக்காஹ்வுக்கு முன்னாடியே வந்துச்சு. மறைச்சிட்டோம்."

ரஹ்மத்துல்லா அவரையே பார்த்தார். பிறகு பெண்கள் இருந்த உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

"புள்ளைக்கும் வருமா?"

வராது, இது இருபது வருஷம் நான் வாயில் அடக்கிய புகையிலைக்குக் கிடைத்த கூலி என்று சொல்லத்தான் மதார் சாகிப் நினைத்தார். வறண்ட நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இல்லை என்று தலையாட்டவும் கழுத்து வரவில்லை. ஜுனைத் கொடுத்த தண்ணீர் இறங்கி, "வராது" என்ற சொல் வெளியே வந்தபோது எதிரே சம்பந்தி இல்லை. உள்ளறையில் அவர் ஃபர்சானாவின் மடியிலிருந்து ஜன்னாவை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் அதன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.