மலாகா குன்றில் நான் போட்ட துண்டு

போன வருடம் வைகாசியில், ஸ்பெயின் நாட்டில் மலாகா என்கிற கடற்கரை ஊரில் நடந்தது இது. என் ஒரே மகள் அங்கே வேலை பார்க்கிறாள். ஒரு மாதமாவது வந்து இருந்துவிட்டுப் போகச் சொல்லி, எங்களைக் கேட்காமலேயே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். அரியலூர் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுக்கொண்டு கிடந்த நானும் என் மனைவியும் அப்படித்தான் விமானம் ஏறினோம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில் நான் கில்லாடி. பஸ் பெரம்பலூர் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாக என் துண்டு உள்ளே போயிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததே கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. போட்ட துண்டை எடுத்துவிட்டு எவனாவது உட்கார்ந்தால், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டுவிடுவேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மகள் எங்களை ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பினாள். துறைமுகத்தை ஒட்டி ஒரு நீளமான பூங்கா. நம்ம ஊர் ஆலமரத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி பெரிய பெரிய மரங்கள். கடற்கரையில் ஒரு பழைய படகில் மணலை நிரப்பி, அதில் விறகு போட்டு, மத்தி மீனைக் குச்சியில் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அந்த வாசனைக்கே நின்றுவிட்டாள். அப்புறம் ஒரு பஸ் பிடித்துக் குன்றின் மேல் இருக்கிற பழைய கோட்டைக்குப் போனோம்.

கோட்டைக்குக் கொஞ்சம் கீழே, ஊர் முழுவதையும் பார்க்கிற மாதிரி ஒரு இடம். காளைச் சண்டை நடக்கும் வட்ட மைதானம், துறைமுகம், அதற்கு அப்பால் கடல், எல்லாம் காலடியில் தெரிந்தது. அங்கே நிழலில் இருந்தது ஒரே ஒரு கல் பெஞ்சுதான். அதில் இருந்தவர்கள் எழுந்ததும் எனக்குக் கை சும்மா இருக்குமா? துண்டை நீளமாக விரித்துப் போட்டேன்.

மகளுக்கு முகம் மாறிவிட்டது. "அப்பா, இங்கல்லாம் அப்படிப் பண்ண மாட்டாங்கப்பா."

"நீ சும்மா இரும்மா. கோட்டையப் பாத்துட்டு வந்தா உங்கம்மா எங்க உக்காருவா? முட்டி வலிக்குதுன்னு அப்பறம் என்னையத்தான் திட்டுவா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கோட்டைக்குள் போனதும் நேரம் போனதே தெரியவில்லை. மதில் மேல் நின்று, வாலிகண்டபுரத்தில் இருக்கிற என் மச்சானுக்கு வீடியோ கால் போட்டு, ஏதோ அந்தக் கோட்டையை நானே கட்டின மாதிரி ஒவ்வொரு மூலையாகக் காட்டினேன்.

திரும்பி வந்தால் பெஞ்சில் வேறு யாரோ இருவர் உட்கார்ந்திருந்தார்கள். துண்டைக் காணோம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சுற்றிப் பார்த்தால், என் வயதுக்காரர் ஒருவர், ஒரு கையில் ஊன்றுகோலும் இன்னொரு கையில் என் துண்டுமாகப் படியேறி வந்துகொண்டிருந்தார். கழுத்தில் ஒரு பழைய பைனாகுலர்.

"யோவ், அது என் துண்டுய்யா!" என்று கத்திக்கொண்டே போய் அதை வெடுக்கென்று பிடுங்கினேன். மகள் என் பின்னாலேயே ஓடிவந்தாள்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, துண்டின் முனையைத் தொட்டுக் காட்டி என்னவோ படபடவென்று சொன்னார். அந்த முனையில் மகள் வீட்டுச் சாவியை முடிந்து வைத்திருந்தேன். பேன்ட் பாக்கெட்டை எப்போதுமே நான் நம்புவதில்லை.

மகள்தான் விளக்கினாள். பெஞ்சில் துண்டு கிடப்பதைப் பார்த்து, யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று எடுத்திருக்கிறார். முடிச்சைத் தொட்டால் உள்ளே சாவி. ஐயோ, யாரோ ராத்திரி வீட்டு வாசலில் நிற்கப் போகிறார்களே என்று பதறி, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத அந்தக் காலை வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை இறங்கிப் போய் ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். யாருடையதும் இல்லை என்றதும் மறுபடி மேலே ஏறி வந்திருக்கிறார். எங்களிடம் இன்னொரு சாவி இருந்தது, மகளின் கைப்பையில்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அவருடைய போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பேசிக்கொண்டே கடலைப் பார்த்தார். துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஒரு வெள்ளைக் கப்பல் வெகுதூரம் போய்விட்டிருந்தது. அவர் போனில் சிரித்துச் சிரித்துப் பேசினார். கண் மட்டும் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு பொண்ணு அந்தக் கப்பல்ல போகுதாம்பா. அக்கரையில நர்ஸ் வேலை கெடைச்சிருக்காம். மேல்தட்டுல நின்னு இவரப் பாத்துக் கை ஆட்டுச்சாம். 'பாத்தேன் கண்ணு, நல்லாப் பாத்தேன்'னு சொல்றாருப்பா."

அதற்காகத்தான் பைனாகுலரோடு குன்றேறி வந்திருக்கிறார். ஆனால் அவர் பார்க்கவில்லை. கப்பல் கிளம்பின நேரத்தில் அவர் என் சாவியை வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

என் மகள் முதன்முதலில் வெளிநாடு போனபோது, திருச்சி ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு வெளியே அவள் தலை மறைகிறவரை நின்றவன் நான். கடைசியாகத் திரும்பி ஒரு தடவை கையை ஆட்டினாள். அதை வைத்துத்தான் அந்த வருடத்தையே ஓட்டினேன். அந்த ஒரு கையசைப்பை இன்னொரு தகப்பனுக்கு இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

அவர் போனை வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார். சாவி உரியவன் கைக்கு வந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பெஞ்சில் இருந்தவர்களிடம் ஏதோ சொல்லி எழுப்பி, என் மனைவியைக் கைகாட்டி உட்காரச் சொன்னார். விஷயம் புரியாத அவளும் அப்பாடா என்று உட்கார்ந்தாள். என்னால் உட்கார முடியவில்லை.

மகள் மெதுவாகக் கேட்டாள். "மறந்துட்டுப் போகல, இடம் புடிக்கத்தான் போட்டோம்னு சொல்லிடவாப்பா?"

"வேணாம்மா" என்றேன்.

நான் அவருக்கு இரண்டு கையையும் கூப்பினேன். அவரும் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தப்பும் தவறுமாக அதே மாதிரி கும்பிட்டார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெறும் கடலைப் பார்த்தபடி நின்றார்.

ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. துண்டு போட்டதை நினைத்தால்கூட, தெரியாமல் செய்தோம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது. அவர் தன் மகள் வருத்தப்படக் கூடாதென்று ஒரு பொய் சொன்னார். நானோ என் மானம் போகக் கூடாதென்று உண்மையைச் சொல்லாமல் விட்டேன், அதுவும் என் மகளை அருகில் வைத்துக்கொண்டே. இப்போதும் போனில் அவள் "சொல்லுங்கப்பா" என்று பேச்சை ஆரம்பிக்கும்போதெல்லாம், அந்தக் குன்றில் சொல்லாமல் போனதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.